ஒரே விலாசத்துக்கு இரண்டு பிரதிகள்

பாளையங்கோட்டையில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு பொது சுகாதார மாத இதழில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் பாதி கடந்திருந்தன. சமூகப்பணி படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அதுதான் முதல் வேலை. ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் இரண்டு அறைகள்தான் அலுவலகம். ஆசிரியர், அரசு ஆஸ்பத்திரியில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர். பெரும்பாலான கட்டுரைகளை அவரே எழுதுவார். பேதி, மலேரியா, குடிதண்ணீர், தடுப்பூசி என்று மாதம் ஒரு விஷயம். அவருடைய தமிழ் எளிமையாக, சுத்தமாக, கொஞ்சம் கறாராக இருக்கும். வாக்கியங்கள் 'செய்ய வேண்டும்' என்றோ 'செய்யக் கூடாது' என்றோதான் முடியும்.

இதழுக்கு உதவித்தொகை கொடுத்துவந்தவர்கள், அதை யார் படிக்கிறார்கள், படித்து என்ன பயன் அடைகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். முதலில் தபாலில் கேள்விகளை அனுப்பினோம். திரும்பி வந்தவை கொஞ்சம்தான். அவற்றிலும் 'மிகவும் நன்று', 'தொடரட்டும் தங்கள் சேவை' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. டாக்டருக்கே சலிப்பாகிவிட்டது.

"இது கல்யாண வாழ்த்து மாதிரில்லா இருக்கு. நீ நேர்லயே போய்க் கேட்டுட்டு வந்துரு" என்றார்.

அப்படித்தான் நான் பஸ் ஏறினேன். சந்தாதாரர்களின் விலாசங்கள் கைப்பையில் இருந்தன. மனசுக்குள் ஒரு சித்திரமும் இருந்தது. எங்கள் வாசகர் என்றால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிக்கிறவர். அந்தச் சித்திரம் முதல் வாரத்திலேயே ஆட்டம் கண்டது.

கங்கைகொண்டானில் ஒருவர் வீட்டில் எங்கள் இதழ்கள் உறை பிரிக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தன. மச்சினர் சொன்னாரே என்று சந்தா கட்டினாராம். "வருது, வாங்கி வைக்கோம். நிறுத்திடாதிய" என்றார். எதற்காக நிறுத்தக் கூடாது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பேட்டையில் நடந்ததுதான் என்னை முதலில் உலுக்கியது. அங்கே ஒரு லேத் பட்டறை முதலாளி எங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். பட்டறைச் சத்தத்துக்கு நடுவே என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, காபி வரவழைத்து, சந்தோஷமாகப் பேசினார். இதழால் என்ன பயன் என்று கேட்டேன்.

"என்ன இப்படிக் கேட்டுட்டிய? எனக்கு பிரஷர் இருந்துச்சுல்லா. தெனம் நடந்தா பிரஷர் குறையும்னு உங்க டாக்டர் எழுதியிருந்தாரு. அன்னையில இருந்து காலைல நயினார்குளம் வரைக்கும் நடக்கேன். மாத்திரைய அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

"மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தாரா?"

"நிறுத்தக் கூடாதுன்னு எழுதலியே" என்றார் அவர், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

உடனே போய் பிரஷர் பார்க்கும்படி நான் அவரைக் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்து இதைச் சொன்னபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எத எழுதினாலும் இப்படி ஒருத்தர் கிளம்பி வருவாரு. அவர நாளைக்கே இங்க வரச் சொல்லு." பட்டறைக்காரர் வந்தார். டாக்டர் திட்டித் தீர்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தோடு அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. எனக்கு மட்டும் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் நான் பார்க்க வேண்டியிருந்த வீட்டைப் பற்றி அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. அந்த ஒரே விலாசத்துக்கு மாதாமாதம் இரண்டு பிரதிகள் போகும். பெரியவர் ஒருவர் பெயரில் ஒன்று, ஒரு பெண்ணின் பெயரில் ஒன்று. தவறாக இரண்டு தடவை பதிவாகிவிட்டதோ என்று ஒரு முறை கேட்டு எழுதியதற்கு, 'இல்லை, இரண்டும் வேண்டும்' என்று பதில் வந்ததாம். "நம்ம பத்திரிகைக்கு இப்படி ஒரு ரசிகர்" என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார். நானும் அந்தப் பெருமையோடுதான் பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். அம்பாசமுத்திரத்துக்கு அப்புறம் மலை கிட்டத்தில் வந்துவிட்டது. நான் இறங்கிய நேரம் மில்லில் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தது. சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு போயின. வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பெரியவர் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, சலவை வேட்டி, மெலிந்த உடம்பு. பத்திரிகையில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பத்திரிகைல இருந்தா வாரிய? எங்க வீட்டுக்கா? உள்ள வாங்கம்மா, உள்ள வாங்க. ஏளா, யாரு வந்திருக்காங்க பாரு. மொதல்ல தண்ணி கொண்டா."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார். நான் தேடிக்கொண்டிருந்த வாசகர் கடைசியில் கிடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். எங்கள் இதழ்களை வருடவாரியாக பைண்ட் செய்து, முதுகில் காகிதம் ஒட்டி, கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் அந்த வீட்டில் குடிக்கிறார்கள். கொல்லையில் தண்ணீர் தேங்க விடுவதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாக, எந்த மாதத்து இதழில் எந்தப் பக்கத்தில் என்று சொல்லிப் பதில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் போல இருந்தது.

"ரெண்டு பிரதி வாங்குதீங்களே சார், அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு மகளுக்கு."

"மகள் வெளியூர்ல இருக்காங்களா?"

"வெளியூரா? இல்லம்மா, இங்கனதான் இருக்கா. பின்னால." அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "அவளுக்கு டி.பி. வந்துச்சு. அவ கைபட்ட புஸ்தகத்த நாம எப்படித் திரும்ப உள்ள கொண்டுவர? அதான் அவளுக்குன்னு தனியா வரவழைக்கது."

ஐயோ பாவம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நோயில் கிடக்கும் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"அவகிட்டயும் கேளுங்க. அவளும் வாசகர்தான. ஒரு வரி விட மாட்டா" என்று அவரே என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அடுக்களை தாண்டி, கிணறு தாண்டி, தென்னை மரத்தடியில் ஓட்டுக் கூரை போட்ட ஓர் ஒற்றை அறை. முன்பு தேங்காயும் விறகும் போட்டு வைத்திருந்த இடமாம். நன்றாக வெள்ளையடித்து, பெரிய ஜன்னலாக வைத்து, சுத்தமாக இருந்தது. ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. பெரியவர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். நான் மேலே நடந்தேன்.

"நீங்க அங்கனயே நில்லுங்கக்கா. பக்கத்துல வராதிய" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

ஜன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு பெண் எழுந்து நின்றாள். எனக்குக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம், அக்கா என்றது மரியாதைக்கு. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய தலை, பூப்போட்ட வாயில் சேலை. நான் எலும்பும் தோலுமாக ஓர் உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். இவள் கன்னம் பூசின மாதிரி, ஆரோக்கியமாக இருந்தாள். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு? மருந்து சாப்பிடுதீங்களா?" என்று கேட்டேன்.

"மருந்தா? அதெல்லாம் முடிஞ்சுட்டே. ஆஸ்பத்திரியில சளி பாத்துட்டு, கிருமி இல்ல, இனிமே வர வேண்டாம்னுட்டாங்க."

"எப்ப?"

அவள் யோசித்தாள். "அக்கா கல்யாணத்துக்கு முந்தியே முடிஞ்சுட்டு."

"அக்காவுக்குக் கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"அவ பிள்ள இந்த வருஷம் ஒண்ணாங் கிளாஸ் சேந்திருக்கான்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அது நடந்து, பேசி, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. இவள் இந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

"அக்கா கல்யாணம் பாத்தீங்களா?"

"மேளச் சத்தம் கேட்டுச்சு. அம்மா இலை கொண்டுவந்து வச்சா."

"அந்தப் பையனை?"

"லீவுக்கு வருவான். அங்கன கெணத்தடியில நின்னு கைய ஆட்டுவான். நானும் ஆட்டுவேன்."

நான் கதவைப் பார்த்தேன். வெளியில் பூட்டு இல்லை. கொண்டிகூட இல்லை. அவள் என் பார்வையைப் புரிந்துகொண்டாள்.

"தாப்பா உள்ள இருக்குக்கா. நான்தான் போட்டுக்கிடுதேன். என்னைய யாரும் அடைச்சு வைக்கல. பாவம், அப்பா என்ன செய்வாக. நானும் வாசிக்கேன்லா. எனக்கும் பயம்தான. அந்தப் பிள்ளைக்கு வந்துட்டா?"

என்ன செய்வது என்று தெரியாமல் நான் கையில் இருந்த கேள்வித்தாளையே பார்த்தேன். அடுத்த கேள்வி, எங்கள் இதழில் உங்களுக்குப் பிடிக்காத பகுதி எது என்பது. வாய் தானாக அதைக் கேட்டுவிட்டது.

"படம்" என்றாள் உடனே. "எல்லாப் படத்துலயும் நோயாளி ஒத்தையிலயே உக்காந்திருக்கான். பக்கத்துல ஒரு ஆளப் போட்டா என்னவாம்?"

அதை நான் எழுதிக்கொள்ள முயன்றேன். பேனா ஓடவில்லை.

பெரியவரிடம் திரும்பிப் போய், நோய் குணமாகிவிட்டதே, இனி இப்படி இருக்க வேண்டியதில்லையே என்று கோர்வையில்லாமல் ஏதோ சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து, பழைய தொகுதி ஒன்றை எடுத்து, தேடாமலே ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். காசநோயாளி உள்ள வீட்டில் செய்ய வேண்டியவை. நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பு டாக்டர் எழுதிய கட்டுரை. காற்றோட்டமான தனி அறை கொடுக்க வேண்டும். தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

"எல்லாம் செஞ்சேன். ஜன்னல்கூட இதப் பாத்துத்தான் பெருசா வச்சேன்" என்றார் அவர். "மாத்திரை முடிஞ்சுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தனியா இருக்கது முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லல. இதுல எப்ப வரைக்கும்னு போடலம்மா. போடுவாங்க, போடுவாங்கன்னு மாசா மாசம் பாக்கேன். வந்த அன்னைக்கே மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பாப்பேன். இன்னும் போடல."

"ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமே சார்."

"பெரிய டாக்டர் எழுதுதாரு. தெரியாமயா விட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

நான் மறுபடியும் சொன்னேன், இனிப் பயமில்லை, அவளை உள்ளே கூப்பிடுங்கள் என்று. அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "நீங்க சொல்லுதது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க டாக்டர் இல்லியேம்மா. நாளைக்கு அந்தச் சின்னப் பயலுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல?"

கிளம்பியபோது அவர் மனைவி தெருமுனை வரை என்னோடு வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாவே பயம் இல்லியாம்மா? நான் தெனமும் கேப்பேன். இன்னும் போடல, இன்னும் போடலம்பாக. நான் எழுத்து வாசிக்கத் தெரியாதவ. என்னத்தச் சொல்லிச் சண்ட போட?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் வழியில் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழுகை வரவில்லை. கோபம் வந்ததா என்றால், யார் மேல் கோபப்படுவது? மகளை வதைக்கிற அப்பனாக அவர் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எவ்வளவு நல்ல மனுஷன். எவ்வளவு நல்ல வாசகர்.

சாயங்காலம் அலுவலகத்தில் டாக்டர் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"சளி பாத்துருக்காங்களா? கிருமி இல்லன்னு சொன்னாங்களா?" என்று முதலில் டாக்டராகத்தான் கேட்டார். பிறகு, "அடுத்த இதழ்ல தெளிவா ஒரு குறிப்பு போட்டுருவோம்" என்றார்.

"அடுத்த இதழ் வர வரைக்கும் அவங்க அங்கயே இருக்கணுமா டாக்டர்?"

என் குரல் அவ்வளவு உயரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவர் எழுந்துபோய்ப் பழைய இதழைத் தேடி எடுத்தார். நின்றபடியே படித்தார். "இதுல தப்பா ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் வேறு கட்டுரை இருந்தது. மறுபடியும் முன்பக்கம் திருப்பினார். அப்படி இரண்டு மூன்று தடவை திருப்பினார். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"தட்டு தனியா வைக்கணும்கதே தேவையில்ல. தட்டுல பரவாது அது. அப்பல்லாம் அப்படித்தான் எழுதுவோம்" என்றார். இதழை மூடி வைத்துவிட்டு, "காலைல மொத பஸ்ஸுக்கு வந்துரு" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது நான் பார்த்த காட்சியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசும். டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையாலும் கும்பிட்டார். ஓடிப்போய் பைண்ட் செய்த தொகுதி ஒன்றை எடுத்துவந்து, பேனாவையும் நீட்டி, "ஐயா கைப்பட ஒரு கையெழுத்துப் போட்டுத் தரணும்" என்றார். டாக்டர் பேனாவை வாங்கவில்லை.

"அண்ணாச்சி, பொறவு போடுதேன். மொதல்ல பிள்ளையப் பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பின்பக்கம் நடந்தார்.

அவள் உள்ளே தாழ் போட்டிருந்தாள். "கதவத் திறம்மா. நான் டாக்டர்" என்றதும் திறந்துவிட்டு, எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா மனசுக்காக ஒரு தடவ சளி பாத்துக்கிடுவோம். ஆனா நோய் என்னைக்கோ சரியாயிட்டு."

"என்னைக்கு டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

எனக்கு அந்தப் பதில் தெரியும். முந்தின நாள் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது டாக்டரே என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல வேண்டாமே, ஏதாவது பொய் சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

"மாத்திர ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துலயே அடுத்தவங்களுக்குப் பரவுதது நின்னுரும். நீ மாத்திர முடிச்ச அன்னைக்கே சாதாரண மனுஷி."

வெளியே துவைக்கிற கல்லில் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் டாக்டரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கேட்டது வேறு.

"ஐயா, இதே கட்டுரைய வாசிச்ச மத்தவங்க வீட்டுல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்றிலிருந்து நானும் அவரும் இந்த ஒரு வீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். எத்தனை ஊருக்கு அந்த இதழ் போயிருக்கிறது.

அவள் எப்போது அறையை விட்டு வெளியே வந்தாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை. கிணற்றடி வரை வந்து நின்றுகொண்டிருந்தாள். அம்மா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்ததும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. தொட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "பைய வா, பைய வா" என்று அம்மா நடை பழகும் பிள்ளையைப் போல அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுக்களையில் அவள் நிற்கவில்லை. வீட்டுக்குள் எதையும் பார்க்கவும் இல்லை. நேராக வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள்.

"எதுத்த வீட்டுல மாடி கட்டிட்டாங்களா?" என்றாள்.

அதற்கு அப்புறம்தான் அந்த அம்மா வாய்விட்டு அழுதார்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில் டாக்டர் எழுதினார். முன்பு எழுதியதில் என்ன தவறு, எது விடுபட்டது, தனிமை எப்போது முடிய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். நான் இரண்டு மூன்று இடத்தில் கடுமையைக் குறைக்கலாம் என்றேன். குறைக்க மாட்டேன் என்றுவிட்டார். அது வெளியான பிறகு வந்த தபால்களை நான்தான் பிரிப்பேன். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து, எங்கள் அண்ணன் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் படுக்கிறார், இனி உள்ளே படுக்கலாமா என்று கேட்டு ஒரு கார்டு வந்தது. வேறொரு வீட்டிலிருந்து, என் மனைவி போன வருடம் இறந்துவிட்டாள், இதை முன்பே எழுதியிருக்கக் கூடாதா என்று மட்டும் எழுதி வந்தது. அந்தக் கார்டை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

உதவித்தொகைக்காரர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. வாசகர்களுக்கு என்ன பயன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நானும் டாக்டரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினோம். உதவியை நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். நிறுத்தவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. யாராவது படித்தார்களா என்றே இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

அவளை நான் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது என் சின்ன வயசு. அக்காவின் பையன் லீவுக்கு வந்தபோது இவள் ஆசையாக மடியில் எடுக்கப் போயிருக்கிறாள். அவன் வீறிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவிட்டானாம். சித்திகிட்ட போகக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். "அவன் மேல தப்பு இல்லக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று அவள் சமாதானம் சொன்னாள், எனக்கு.

அந்த ஐப்பசியில் ஊர் முழுக்கத் தடிமனும் காய்ச்சலும். மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் தடிமன் பிடித்திருக்கிறது. இரண்டு தடவை இருமியதும், யாரிடமும் சொல்லாமல் எழுந்து பின்னால் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாளாம். நான் போயிருந்தபோது அவள் அம்மா சொன்னார். மழை கொட்டுகிறது, இவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், அவள் திறக்க மாட்டேன் என்கிறாள்.

"அவ அப்பா என்ன செஞ்சாக தெரியுமா? நனைஞ்சுக்கிட்டே ஜன்னலுக்கு வெளிய நின்னாக. 'நீ திறக்க வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன். எனக்குக் காச்ச வந்தா உன் பொறுப்பு'ன்னாக. ரொம்ப நேரம் கழிச்சுத் திறந்தா. அவுக உள்ள போயி அவ கட்டில்லயே உக்காந்துக்கிட்டாக. தல துவட்டிவிட்டது அவதான்."

"அப்புறம் வீட்டுக்குள்ள வந்தாங்களா?"

"மழை விட்ட பொறவு ரெண்டு பேருமா வந்தாக. அவுகளுக்குத்தான் காச்ச வந்துச்சு. அவ ரசம் வச்சுக் குடுத்தா."

அடுத்த வருடம் அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு நாள் எதேச்சையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பள்ளி விட்டிருந்தது. கூட்டிப்போக ஆள் வராத ஒரு குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்கு ஒழுகி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பேசினால் குழந்தை எழுந்துவிடும் என்று கையால் காட்டினாள். குழந்தையின் அம்மா வரும் வரை நானும் அந்த வேப்பமரத்தடியில் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.